போதை சிகிச்சையில் இருக்கும் பெண்கள், வீட்டு வன்முறை: கேள்வி பதில்

போதை மீட்பு சிகிச்சையில் பெண்களுக்கான ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு எழுதுகிறேன்.

கேள்வி (புதிய செவிலியர்): சேர்ந்த அன்றே கணவர் அடிக்கிறாரா என்று கேட்கலாமா?

கேளுங்கள், தனியாக. ஒருமுறை ஒரு பெண்ணிடம் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே பேசினேன். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவள் கண் அவருடைய கையைப் பார்த்துவிட்டு வந்தது. மறுநாள் தனியாகப் பேசியபோது குரல் கரகரத்தது. கழுத்தை நெரித்திருக்கிறார், வெளியே ஒரு தடம்கூட இல்லை.

"அடிக்கிறாரா?" என்றால் "இல்லை" என்றுதான் வரும். "வீட்டில் யாரைக் கண்டாவது பயமா? மாத்திரை யாரிடம் இருக்கிறது? கழுத்தில் கை வைத்திருக்கிறாரா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விடவே கூடாது. 2008இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வின்படி, துணைவர் முன்பு கழுத்தை நெரித்திருந்தால், பின்னால் அவர் கையாலேயே கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல். நெரித்தது தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம்.

கேள்வி: ஒரு பெண் மெத்தடோன் (ஹெராயின் போன்ற போதைக்குக் கொடுக்கும் மாற்று மருந்து) வாங்க ஒழுங்காக வருவதில்லை. ஒத்துழைப்பில்லை என்று பெயரை எடுத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். முதலில் ஏன் வரவில்லை என்று கேளுங்கள், தனியாக. வண்டிச் சாவியைக் கணவர் ஒளித்து வைப்பார். கிளம்பும் நேரம் பார்த்துச் சண்டை இழுப்பார். அதே வகை மருந்தான ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பிடுங்கி விற்பார். "சிகிச்சைக்குப் போனால் பிள்ளைகளைப் பறிகொடுப்பாய்" என்று மிரட்டுவார். அவள் தெளிந்துவிட்டால் தன் பிடி தளரும் என்று அவருக்குத் தெரியும். பல பெண்களுக்கு முதல் ஊசியைப் போட்டதே துணைவர்தான். ஒரே ஊசியில் அவர் முதலில், இவள் பிறகு. மஞ்சள் காமாலை வைரஸும் எச்ஐவியும் அப்படித்தான் இவளிடம் வருகின்றன. இன்னொன்று: தலையில் பலமுறை அடிபட்டவளுக்கு மறதி வரும். அதையும் அலட்சியம் என்று எழுதிவிடுகிறோம்.

கேள்வி: அவரை விட்டுவிட்டு வர வேண்டியதுதானே?

இதே கேள்வி நாலாவது தடவை. பிரியும் சமயமும் அதை ஒட்டிய நாட்களும்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை. இதற்கு மேல் இதே கேள்விக்குப் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி: இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினால் குடும்பம் பிழைக்குமே?

அடி நடக்கும் வீட்டில் கூடாது. அறைக்குள் அவள் சொல்லும் உண்மைக்கு வீட்டில் அடி விழும்.

அதே வாசகர்: போதை போனால் அடியும் போய்விடும். நானே பார்த்திருக்கிறேன்.

குறைந்த வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போதையில் கை ஓங்குபவர் முதலாளியிடம் ஓங்குவதில்லை, இவளிடம் மட்டும்தான். தெளிந்த பிறகும் அடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு சிகிச்சை கொடுங்கள், தனியாக. அவளுடைய பாதுகாப்பு அவர் தெளியும்வரை காத்திருக்க முடியாது.

மீண்டும் அவரே: அப்படியென்றால் ஆண்கள் எல்லாரும் கெட்டவர்களா?

நான் அப்படிச் சொல்லவில்லை. தனியாகக் கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: தூக்க மாத்திரையை எப்படி நிறுத்துவது?

மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்.

கேள்வி (பெயர் வேண்டாம்): ஹெராயினுக்கு சிகிச்சையில் இருக்கிறேன். பத்து நாளில் டிஸ்சார்ஜ். அவரிடம்தான் திரும்பிப் போகணும்.

அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. ஆலோசகரைத் தனியாகப் பார்த்து இதை அப்படியே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தேதியைக் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தங்க வேறு இடம் உண்டா என்றும் விசாரியுங்கள். நிறுத்தியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. அவர் வற்புறுத்திப் போட்டுவிட்டால் உயிரே போகலாம். அளவு மீறிய ஹெராயினை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கேட்டு வாங்கி, நீங்கள் நம்பும் ஒருவரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், கொஞ்சம் பணம், இவையும் நீங்கள் நம்பும் அந்த ஒருவரிடமே இருக்கட்டும். போன் உங்கள் கையில் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து மறுபடி எழுதுங்கள்.