அவரைப் போலப் பேச வராது என்றால்?

கணக்கு ஆசிரியரைப் பார்த்துத்தான் ஆசிரியராக ஆசை வந்தது, ஆனால் அவரைப் போல வகுப்பைச் சிரிக்க வைக்கத் தெரியாது, நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

நீங்கள் பார்த்தது மேடையை மட்டும்தான். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975லேயே இதைச் சொல்லிவிட்டார்: மாணவராக ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்க்கிறோம், ஆனால் அவர்கள் போடும் திட்டமும் யோசனையும் நம் கண்ணில் படுவதில்லை.

நானும் என் ஆசிரியையின் நகைச்சுவையை அப்படியே வகுப்பில் இறக்கிப் பார்த்தவன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் மட்டும் பாவம் பார்த்துச் சிரித்தான். அப்புறம்தான் வேறொன்று நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்டுவிட்டு அந்த ஆசிரியை சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு சும்மா நிற்பார். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கவனித்தது இதைத்தான்: பெரும்பாலான ஆசிரியர்கள் பதிலுக்கு ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். உங்களைப் போன்ற கூச்சக்காரருக்கு இந்தப் பொறுமை சுலபமாகவே வரலாம்.

சரி, ஆசிரியர் படிப்பில் சேருமுன் ஒரே ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். அதே சந்தேகத்தை நாலாவது முறை கேட்கும்போது எரிச்சல் வருகிறதா, எங்கே இடிக்கிறது என்று தோண்டிப் பார்க்கத் தோன்றுகிறதா என்று கவனித்துவிட்டு வந்து எழுதுங்கள்.