சேனல் யாருடையது? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் நின்றதை ஒரு சேனல் நாள் முழுக்கக் காட்டியது. இன்னொன்று வாயே திறக்கவில்லை. எதை நம்புவது?
– வியாசர்பாடி வாசகர்

முதலில் உரிமையாளரைப் பாருங்கள். 1993-ல் சன் டிவியைத் தொடங்கிய கலாநிதி மாறன், திமுகவின் முரசொலி மாறனுடைய மகன். 1999-ல் வந்த ஜெயா டிவி ஜெயலலிதா இருந்தவரை அதிமுக பக்கம் இருந்தது. 2007-ல் கலைஞர் டிவி வந்தது. ஆளுங்கட்சி சேனல் மோட்டார் வைத்து இறைப்பதைக் காட்டும். எதிர்க்கட்சி சேனல் கட்டில் மேல் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் காட்டும். இரண்டும் பொய்யில்லை, ஆனால் பாதிதான். இரண்டையும் பாருங்கள். கட்சி சாராத முதலாளிக்கும் கல்லூரியோ வேறு தொழிலோ இருந்தால், அரசின் அனுமதி தேவைப்படும். அதையும் மறக்க வேண்டாம்.

ஒரு சேனலின் எண் திடீரென மாறிவிட்டது. இதுவும் தணிக்கையா?
– தண்டையார்பேட்டை வாசகர்

எல்லா நேரமும் இல்லை. ஆனால் கேபிள் யார் கையில் இருக்கிறதோ, அவரால் ஒரு செய்தியை ஆள் பார்க்காத மூலைக்குத் தள்ள முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 விதிப்படி, அதன் முன் அனுமதியில்லாமல் ஒரு சேனலின் எண்ணை ஒரு வருடத்துக்கு மாற்றக்கூடாது. தேதியைக் குறித்துவைத்து எழுத்தில் புகார் கொடுங்கள்.

எமர்ஜென்சியோடு தணிக்கை முடிந்துவிட்டதுதானே?
– ராயபுரம் கல்லூரி மாணவி

இல்லை அம்மா. 1975-77-ல் அச்சுக்குப் போகும் முன்பே அதிகாரி வெட்டினார். இப்போது வெளிவந்த பிறகு கை வைக்கிறார்கள். 1987-ல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் விட்டார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடங்கியது. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்தால் தளத்தைத் திறக்கலாம் என்று பாரிமுனை உயர் நீதிமன்றம் அடுத்த மாதம் சொன்னது. தளம் திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சி. ஒரு கார்ட்டூனை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது இன்னும் உறுத்துகிறது.

1950-ஐயும் படியுங்கள். மெட்ராஸ் அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பத்திரிகையைத் தடுத்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். மறு வருடமே அரசியல் சட்டத்தைத் திருத்தி, ‘பொது ஒழுங்கு’ என்பதையும் பேச்சுரிமைக்கு வரம்பாகச் சேர்த்தார்கள்.

பேப்பர் யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– காசிமேடு வாசகர்

பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்: அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.