தையல் ஆறும் முன் தம்பிக்குப் பணம் அனுப்ப வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்சில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், நிரந்தரவாசி. பல ஆண்டுகளாகக் கழுத்தும் தோளும் வலித்ததால், மருத்துவர் சொன்னபடி மூன்று வாரங்களுக்கு முன் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு போக மீதி 2,400 வெள்ளியைக் கடன்பற்று அட்டையில் கட்டினேன். மன்னார்குடியில் வீடு கட்டும் தம்பிக்கு மாதம் 600 வெள்ளி அனுப்புகிறேன். வார இறுதியில் விருந்துச் சமையல் வேலையில் கிடைக்கும் 500 வெள்ளிதான் அதற்குத் துணை. முதலில் வலியாலும் பிறகு அறுவை சிகிச்சையாலும் அந்த வேலைக்குப் போக முடியாததால், இரண்டு மாதமாக அட்டையில் ரொக்கம் எடுத்து அனுப்பினேன். சம்பளத்தில் செலவு போக 350 வெள்ளி மிஞ்சுகிறது. அறுவை சிகிச்சை நடந்தது வீட்டாருக்குத் தெரியாது. அடுத்த வாரமே வார இறுதி வேலைக்குத் திரும்பலாமா? தழும்பு மறைய 1,800 வெள்ளி லேசர் சிகிச்சைத் தொகுப்பைத் தவணையில் எடுக்கலாமா?

பதில்: நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ‘அட்டையில் ரொக்கம் எடுத்து அனுப்பினேன்’ என்ற வரிதான். மருத்துவமனைக் கட்டணம் ஒருமுறைச் செலவு, அதுவும் தேவையான செலவு. அதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. தம்பிக்காக எடுத்த ரொக்கமோ மாதந்தோறும் திரும்பி வரும் பழக்கமாகிவிட்டது.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். மருத்துவமனைக்கு 2,400, தம்பிக்கு 1,200, ரொக்கம் எடுத்ததற்கான கட்டணம் ஏறத்தாழ 100 என்று மொத்தம் 3,700 வெள்ளி. அட்டைக் கடனுக்கு ஆண்டு வட்டி 27 விழுக்காடு அளவில் இருப்பதால், மாத வட்டி மட்டுமே ஏறத்தாழ 83 வெள்ளி ஆகிறது. நீங்கள் குறைந்தபட்சத் தொகையான 3 விழுக்காட்டை, அதாவது 111 வெள்ளியை மட்டும் கட்டினால், அசலில் 28 வெள்ளிதான் குறையும். மிஞ்சும் 350 வெள்ளி முழுவதையும் கட்டிவிட்டு, மறுபக்கம் அதே அட்டையில் இன்னொரு 600 எடுத்தால், கட்டணமும் வட்டியும் சேர்ந்து கடன் மாதத்துக்கு ஏறக்குறைய 380 வெள்ளி ஏறும். தம்பியின் வீட்டுச் சுவர் எழும்பும் வேகத்திலேயே உங்கள் கடனும் எழும்புகிறது என்பதை அவரே அறியமாட்டார்.

அனுப்புவதை நிறுத்தினால் நிலைமை வேறு. இரண்டு மாதம் 350 வெள்ளி வீதமும், வார இறுதி வேலை மீண்ட பிறகு 850 வெள்ளி வீதமும் கட்டினால், ஆறு மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் பற்றி யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது மாத வருமானத்தைப் போல் 12 மடங்குக்கு மேல் கடன்பட்டவர்களுக்கானது. அட்டைக் கடனை வேறொரு கணக்குக்கு மாற்றி, ஆறு மாதம் வட்டியில்லாமல் கட்டும் ‘கடன் மாற்றம்’ உங்களுக்கு உதவலாம், ஆனால் அதற்கும் முன்கட்டணம் உண்டு. காலியான பழைய அட்டையில் மறுபடி ரொக்கம் எடுக்கமாட்டீர்கள் என்றால் மட்டுமே அதை யோசியுங்கள்.

வேலைக்கு அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம். பாலர் பள்ளியில் ஆறு மாதம் பணியாற்றி முடித்தவருக்கு, வெளிநோயாளி விடுப்பு 14 நாளையும் உள்ளடக்கி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் மருத்துவமனை விடுப்பு உண்டு. அழகுக்காக மட்டும் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு இந்த உரிமை பொருந்தாது என்பதால், மருத்துவக் காரணம் குறிப்பிடப்பட்ட சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆகவே நீங்கள் இழப்பது வார இறுதி 500 வெள்ளியை மட்டுமே. இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் வரை கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்பதே மருத்துவர்களின் வழக்கமான அறிவுரை. நங்கூர வடிவத் தையலில் கீழே தையல்கள் சந்திக்கும் இடம்தான் பெரும்பாலும் பிரியும். குழம்புப் பாத்திரத்தைத் தூக்கி அந்த இடம் பிரிந்தால், காயத்துக்குக் கட்டுப் போட மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு நடக்க வேண்டும். பள்ளியிலும் பிள்ளைகளைத் தூக்க முடியாமல் விடுப்பு நீளும். இரண்டு வார இறுதிகளுக்காக இரண்டு மாத வருமானத்தைப் பணயம் வைக்கலாமா?

லேசர் தொகுப்பைப் பற்றிக் கேட்கும்போது எனக்குச் சற்றுப் பொறுமை போகிறது. மூன்றாம் வாரத்தில் உங்கள் காயமே முழுமையாக ஆறியிராது. இத்தகைய தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து தடித்து இருந்துவிட்டு, பிறகு ஓராண்டு, அதற்கும் மேலான காலத்தில் வெளுக்கும். தானாக வெளுக்கப்போவதை வெளுக்க வைப்பதாகச் சொல்லி, தவணைப் படிவத்தில் இப்போதே கையெழுத்து வாங்குகிறார்கள். காயம் மூடிய பிறகு சிலிக்கோன் பட்டை போதுமா என்று உங்கள் அறுவை மருத்துவரிடமே கேளுங்கள். அதன் விலை அந்தத் தொகுப்பின் ஒரு சிறு பங்குதான்.

இனி, நீங்கள் தள்ளிப்போடும் காரியத்துக்கு வருகிறேன். மார்பு என்ற சொல்லைத் தம்பியிடம் சொல்லக் கூச்சமாக இருப்பதால் முழு விஷயத்தையும் மறைத்திருக்கிறீர்கள். அக்காவுக்கு இரண்டு வருமானமும் வருகிறது என்று நினைத்து அவரும் கேட்கிறார். எந்த உறுப்பு என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. “தம்பி, எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, தேறி வருகிறேன். ஆனால் ஆறு மாதத்துக்கு என்னால் பணம் அனுப்ப முடியாது” என்று குரல் பதிவில் அனுப்புங்கள். ‘முடிந்தால் பார்க்கிறேன்’ என்ற வாக்கியத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். மேல்தளம் போடும் நாளை அதை நம்பித்தான் அவர் குறிப்பார். அம்மா அழுதுகொண்டு அழைக்கக்கூடும், அதற்கும் தயாராக இருங்கள். அந்தப் பதிவை இன்றே அனுப்பிவிட்டு, அட்டையில் ரொக்கம் எடுக்கும் வசதியை முடக்கும்படி வங்கியிடம் நாளைக் காலை கேளுங்கள்.