ஆகஸ்டஸ் சிலைகள்ல ஏன் எப்பவும் இளைஞனாவே இருக்காரு?

ரோமோட முதல் பேரரசர் ஆகஸ்டஸ், 75 வயசு வரைக்கும் வாழ்ந்த மனுஷன், எல்லா சிலையிலயும் இளைஞனா இருக்காரேன்னு கேட்டிருக்கீங்க, நல்ல கேள்வி. அந்தக் காலத்துல போட்டோ கிடையாது, டிவி கிடையாது, சாம்ராஜ்யத்துல பெரும்பாலான ஜனங்க பேரரசரை நேர்ல பார்த்ததே இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்ச முகம் நாணயத்துலயும் சிலையிலயும் இருந்த முகம்தான், அதனால அந்த முகமே அரசியல், வயசே ஆகாத தலைவர்னு காட்டுறதுதான் நோக்கம்.

1863-ல ரோம் பக்கத்துல பிரீமா போர்ட்டாவுல, அவரோட மனைவி லிவியாவோட வில்லாவுல கிடைச்ச சிலையைப் பாருங்க, இப்ப வாட்டிகன் மியூசியத்துல இருக்கு. மார்புக் கவசத்துல பார்த்தியர்கள் (இப்ப ஈரான் இருக்குற பக்கம் ஆண்ட, ரோமோட எதிரிகள்) ரோமோட படைக்கொடியைத் திருப்பிக் குடுக்குற காட்சி, அது கி.மு. 20-ல நடந்தது. கால்ல செருப்பு இல்ல, அது தெய்வங்களைக் காட்டுற பாணி. பக்கத்துல டால்ஃபின் மேல குட்டி க்யூபிட், காதல் தேவி வீனஸோட மகன், அதாவது ஆகஸ்டஸோட வம்சமே வீனஸ் தேவியோட வம்சம்னு சொல்றாங்க. இவ்வளவு விஷயத்தை ஒரே கல்லுல சொன்ன சிற்பியை நினைச்சா எனக்கு இன்னும் பிரமிப்பாதான் இருக்கு. இன்னொன்னு, இது வெள்ளைச் சிலையே இல்ல, கலர் பூசியிருந்தாங்க, தடயம் கிடைச்சிருக்கு.

ஆனா எல்லாரும் இப்படி இல்ல. பேரரசர் நீரோவுக்கு அப்புறம் நடந்த உள்நாட்டுப் போர் முடிஞ்சு ஆட்சிக்கு வந்த பேரரசர் வெஸ்பாசியன், வழுக்கை, சுருக்கம் எல்லாத்தோடயும்தான் செதுக்க வெச்சாரு, நான் ஆடம்பரக்காரன் இல்ல, உழைச்ச சிப்பாய்னு காட்ட. நீரோவோட சில சிலைகளையே மறுபடி செதுக்கி வெஸ்பாசியன் முகமா மாத்தியிருக்காங்க.