காய்ந்த இலைக்கு யார் சம்பளம் தருவார்கள்?

பாலக்கோடு பக்கமிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் பெண் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு. எம்.எஸ்சி. முடித்து ஹெர்பேரியத்தில், அதாவது காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் தொகுப்பில், வேலை பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். "காஞ்ச இலையத் தாள்ல ஒட்டுறதுக்கு எவன் சம்பளம் தருவான், பேசாம பி.எட். சேத்துடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

கசப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஹெர்பேரியம் க்யூரேட்டர் (தொகுப்பின் காப்பாளர்) தேவை" என்று நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் விளம்பரம் வருவது அபூர்வம். பெரும்பாலும் தாவரவியல் துறைப் பேராசிரியர் ஒருவரே வகுப்பும் எடுத்துக்கொண்டு தொகுப்பையும் கவனிப்பார். ஆகவே அந்தப் பெயரில் வேலையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். உதவிப் பேராசிரியர், விஞ்ஞானி, திட்ட உதவியாளர் என்று வேறு பெயர்களில்தான் அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர முடியும்.

அந்த நாற்காலியில் உட்காருபவர் இலை ஒட்டுபவர் மட்டும் இல்லை. ஒரு கிளை வந்தால், அதில் பூவோ காயோ இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். இரண்டும் இல்லாத கிளையை வைத்து இன்ன செடி என்று உறுதியாகச் சொல்வது பல நேரம் முடியாது. செய்தித்தாளுக்குள் விரிக்கும்போது ஓர் இலையையாவது திருப்பி வைக்க வேண்டும், அடிப்பக்க நரம்பும் ரோமமும் தெரிய. பிரஸ் என்ற அழுத்துசட்டத்தில் கட்டி, ஈரத்தாளை எடுத்துவிட்டு மறுபடி மறுபடி காய்ந்த தாள் மாற்ற வேண்டும். ஐப்பசி மழையில் ஒருநாள் அசந்தால் பூஞ்சணம். காய்ந்த பிறகு ஏறத்தாழ 42க்கு 28 சென்டிமீட்டர் கெட்டித் தாளில் ஒட்டியும் தைத்தும் கீழே வலது மூலையில் லேபிள் ஒட்டுவார்கள். எந்த ஊர், என்ன உயரம், எந்தத் தேதி, யார் சேகரித்தது, அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் என்ன. பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். காய்ந்தால் ஊதாவும் பழுப்பு, மஞ்சளும் பழுப்பு. லேபிள் இல்லாத தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது.

அதற்கப்புறம் காலமெல்லாம் காவல். பீரோவுக்குள் சின்ன வண்டு புகுந்தால் பூவைத்தான் முதலில் தின்னும். அதனால் புதிதாக வரும் கட்டுகளைச் சில நாட்கள் ஆழ்உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிட்டுத்தான் உள்ளே சேர்ப்பார்கள். பழைய தாள்களில் மெர்க்குரிக் குளோரைடு பூசியிருக்கும், அது விஷம். கையுறை இல்லாமல் தொட வேண்டாம் என்று உங்கள் பெண்ணிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கும். எருக்கங்குடும்பத்தை அரளிக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள்; கருவேலம் அகேசியாவிலிருந்து வாச்செலியாவுக்குப் போய்விட்டது. க்யூரேட்டர் பழைய பெயரை அடிக்க மாட்டார். பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிப் புதுப் பெயரையும் தன் பெயரையும் தேதியையும் எழுதுவார். முன்பு ஒருவர் என்ன நினைத்தார் என்பதும் அங்கே ஆவணம்தான்.

இதற்கு ஏன் சம்பளம் என்றால், செடியைச் சரியாக அடையாளம் காட்டுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், கேட்டு வருகிறவர்களோ குறையவில்லை. பார்மசி, சித்தா மாணவர்கள் ஆராய்ச்சிக்கு எடுத்த செடி இன்னதுதான் என்று சான்று கேட்டு வருவார்கள். சிலர் பொடியை மட்டும் கவரில் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. பூவோடு கொண்டு வா என்று திருப்பி அனுப்ப ஒரு நெஞ்சுரம் வேண்டும். நன்னாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் தோண்டும் மாகாளிக் கிழங்கு நன்னாரிக்குப் பதிலாகச் சந்தையில் போவது பழைய கதை. மணம் ஒன்றுபோல இருக்கும், செடி வேறு. மருந்துக் கம்பெனிக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்ல ஆள் வேண்டும்.

எங்கெல்லாம் போகலாம்? 1890இல் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் கோவையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் பழைய மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். அங்கே விஞ்ஞானி பதவிக்கு யு.பி.எஸ்.சி. வழியாகத்தான் போக முடியும், இடங்கள் குறைவு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம், மேட்டூரில் மத்திய அரசின் சித்த மூலிகைத் தோட்டம். ஓசூர் பக்கத்துப் பெற்றோருக்குப் பெங்களூர் என்றாலே ஐ.டி.தான் நினைவுக்கு வரும். அங்கே இந்திய அறிவியல் நிறுவனத்திலும் மூலிகை ஆய்வு நிறுவனங்களிலும் நல்ல தாவரத் தொகுப்புகள் இருக்கின்றன. பழைய தாள்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் பணியும் நடக்கிறது. அதில் திட்ட உதவியாளராக நுழைந்தவர்கள் பலர். ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், அதை மறைக்க மாட்டேன்.

நம் பக்கத்துக்கும் ஆள் தேவை. காவிரி வடக்கு சரணாலயம் 2014இலும் காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டன. மேலகிரியிலும் சித்தேரியிலும் வத்தல்மலையிலும் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பதிய வேண்டிய வேலை தீர்ந்துவிடவில்லை. "பொட்டப்புள்ள காட்டுக்குப் போறதா" என்ற பயம் உங்களுக்கு இருக்கும். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வாங்கிக் குழுவாகத்தான் போவார்கள், தனியாக யாரையும் அனுப்ப மாட்டார்கள்.

தடை எங்கே என்றால், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில். அதில் உயிர் அறிவியல் மொத்தமும் வரும், செடிகளை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் கொஞ்சம்தான். செடி மேல் ஆசை இருக்கிற பிள்ளைகள் பலர் உயிர்வேதியியலிலும் மரபியலிலும் சறுக்குகிறார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்தே அவற்றைப் படிக்கட்டும். அந்தத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய். பிறகு அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியரானால் யு.ஜி.சி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. இடையில் சில வருடங்கள் கௌரவ விரிவுரையாளராக இழுத்தடிக்கும் காலம் வரலாம். அந்தக் காலத்தைத் தாங்கும் வசதி வீட்டில் இருக்கிறதா என்று உங்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் முதல் பட்டத்தோடு நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பி.எட். இப்போது வேண்டாம். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும், எம்.எஸ்சி. முடித்த பிறகு சேர்ந்தாலும் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும்.

அதற்கு முன் ஒரு சோதனை. இந்த மழைக்காலத்தில் உங்கள் வரப்பிலும் மாந்தோப்பு ஓரத்திலும் முளைத்திருக்கிற களைகளில் முப்பதை அவளே சேகரித்து, காயவைத்து, பெயர் கண்டுபிடித்து, லேபிள் எழுதட்டும். யாரும் உதவ வேண்டாம். பாதியில் கைவிட்டால் அவளுக்குப் பிடித்தது காடு, இந்த வேலை இல்லை. வனத்துறைத் தேர்வுகளுக்குத் தயார் செய்யலாம், அதற்கும் இதே பட்டம் செல்லும். முப்பதையும் முடித்துவிட்டு, இரண்டு கோரைப்புல்லுக்கு நடுவில் என்ன வித்தியாசம் என்று உங்களையும் பிடித்து உட்காரவைத்து விளக்கினால், தடுக்காதீர்கள்.

முடித்தால், துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, தாள்களோடு கோவைக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டாம், உள்ளே போங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம், முதல் சம்பளம் வாங்கும்போது என்ன வயது, அதுவரை யார் சோறு போட்டார்கள் என்று நீங்களே கேளுங்கள்.