43 சதவீத ஒப்புமை: ஆய்வுப் பதிவை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் வட்டாரத் தாலாட்டும் ஒப்பாரியும்தான் தலைப்பு. ஆய்வேட்டை மென்பொருளில் போட்டுப் பார்த்ததில் 43 சதவீதம் ஒப்புமை வந்துவிட்டது என்று முதல் பக்கத்தை மட்டும் காட்டினார்கள். "காப்பியடித்தேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கொடு. இல்லாவிட்டால் பதிவு ரத்து" என்கிறார் துறைத் தலைவர். முதல் இயலில் ஒரு பழைய ஆய்வேட்டிலிருந்து ஐந்து பக்கம் அளவுக்கு எடுத்தேன், அடிக்குறிப்பும் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் என் உழைப்பு. பணம் கொடுத்தால் சதவீதத்தைக் குறைத்துத் தருவதாக டைப்பிங் சென்டரில் ஒருவர் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். டைப்பிங் சென்டர்காரரிடமும் போகாதீர்கள். மற்றதையெல்லாம் சரிசெய்ய வழி இருக்கிறது. இந்த இரண்டில் எதைச் செய்தாலும் அந்த வழி அடைபட்டுவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கென்றே ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. ஆய்வேடுகளுக்கு அதில் நான்கு படிநிலைகள் உண்டு. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை கிடையாது. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மேற்படாத கெடுவுக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்கு ஒப்படைக்க முடியாது. 60-ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து. ஆகவே 43 என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், முதல் முறையே பதிவை ரத்து செய்ய அந்த விதியில் இடமில்லை.

இதில் இன்னொன்றையும் பாருங்கள். ஆய்வேட்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டீர்களா, அல்லது ஒப்படைக்கும் முன் சான்றிதழுக்காக நடந்த சோதனையா என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. அந்தத் தண்டனைகள் ஒப்படைக்கப்பட்ட ஆய்வேட்டுக்கு உரியவை. வரைவுச் சோதனை என்றால், திருத்துவதற்காகத்தான் அது நடந்தது என்று நீங்கள் வலுவாக வாதாடலாம்.

இனி அந்த 43-க்கு வருவோம். மென்பொருள் கண்டுபிடிப்பது ஒப்புமையைத்தான். அது திருட்டா இல்லையா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்து மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மூலத்தைக் காட்டி எடுத்தாண்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. பொதுவாக அறியப்பட்டவையும் தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களும் தொடர்ச்சியாக 14 சொல் வரை விலக்கு. தமிழ் ஆய்வுக்கு இது எவ்வளவு நெருக்கடி என்பது உங்களுக்கே தெரியும். ஒரு குறளில் 7 சீர். நான்கடி வெண்பா 15 சீர்; ஒரு சீரை ஒரு சொல்லாக எண்ணினால் அந்த 14-ஐத் தாண்டிவிடும். பாட்டை மேற்கோள் குறி இல்லாமல் உள்ளே தள்ளி அச்சிடுவது நம் வழக்கம். அது மேற்கோள் என்று மென்பொருளுக்குத் தெரிவதில்லை. புறநானூற்றுப் பாடலையும் திருட்டுக் கணக்கில் சேர்த்துவிடும்.

எழுத்துருவையும் கவனியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில், திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். அந்தக் கோப்பை அப்படியே சோதித்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. யுனிகோடுக்கு மாற்றும்போது மேற்கோள் குறிகள் சிதையவும் வாய்ப்புண்டு. எந்தக் கோப்பைச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே ஒருமுறை சோதித்து, அந்தப் பிரதி மென்பொருளின் சேமிப்பில் தங்கியிருந்தால், அடுத்த சோதனையில் உங்கள் ஆய்வேடு உங்கள் ஆய்வேட்டோடே ஒத்துப்போகும். நீங்கள் திரட்டிய பாடல்களைக் கருத்தரங்கத் தொகுப்பிலோ இதழிலோ கட்டுரையாக வெளியிட்டிருந்தாலும் அது ஒப்புமையாகவே வரும். அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்று காட்டுவதைத்தான் விதி கருத்துத் திருட்டு என்கிறது. சொந்தக் கட்டுரை அதில் வராது என்றாலும், இன்ன கட்டுரை இன்ன இயலில் சேர்ந்திருக்கிறது என்று ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அதனால் முழு அறிக்கையையும் வாங்குங்கள். எந்த வரி, எந்த மூலத்தோடு, எத்தனை சதவீதம் என்று நிறம் பிரித்துக் காட்டும் பக்கங்கள்தான் உங்களுக்கு ஆதாரம். முதல் பக்கத்தில் இருப்பது வெறும் கூட்டுத்தொகை. எழுத்தில் விண்ணப்பித்து, தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அந்த ஐந்து பக்கத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். அடிக்குறிப்பு போட்டதால் மூலத்தை மறைக்கவில்லை என்று வாதாடலாம். ஆனால் வரிகளை அப்படியே எடுத்துவிட்டு மேற்கோள் குறி போடாமல் விட்டால், படிப்பவர் அதை உங்கள் நடை என்றுதான் நினைப்பார். அது தவறுதான். "இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை மூலம் காட்டியிருக்கிறேன், மேற்கோள் குறி விடுபட்டது, திருத்தித் தருகிறேன்" என்று அந்த அளவுக்கு மட்டும் விளக்கத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். ஐந்து பக்கத்தையும் மேற்கோளாக வைக்காமல், தேவையான நாலைந்து வரியை வைத்துக்கொண்டு மீதியை உங்கள் வாதமாகப் புதிதாக எழுதுங்கள். சொற்களை மட்டும் மாற்றிப் போட்டால் அதுவும் திருட்டே. "காப்பியடித்தேன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் 43 சதவீதமும் உங்கள் தலையில் விழும். பிறகு எந்த மன்றத்திலும் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

டைப்பிங் சென்டரில் பெரும்பாலும் செய்வது, ஒரே மாதிரித் தெரியும் வேறு எழுத்துகளைப் புகுத்துவது, கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்துகளைச் சேர்ப்பது, பத்தியைப் படமாக ஒட்டுவது போன்ற வேலைகள். மறைத்த எழுத்தைத் தனியாகக் கொடி போட்டுக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. இன்று கவனக்குறைவு என்று சொல்ல முடிகிற ஒன்று, அதன் பிறகு திட்டமிட்ட ஏமாற்று ஆகிவிடும்.

முடிவெடுக்கும் அதிகாரமும் துறைத் தலைவர் ஒருவரிடம் இல்லை. முதலில் துறை அளவிலான மூவர் குழு விசாரிக்க வேண்டும். துறைத் தலைவர் அதன் தலைவர். துறைக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த கல்வியாளரும், மென்பொருள் அறிந்த ஒருவரும் உறுப்பினர்கள். அந்தக் குழு 45 நாளில் பரிந்துரை தர வேண்டும். அடுத்து நிறுவன அளவிலான நால்வர் குழு. அதற்கும் 45 நாள். அதன் அறிக்கை நகலை உங்களுக்குத் தர வேண்டும். தவறு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டு, மேல்முறையீட்டு வழிகள் எல்லாம் முடிந்து, போதிய வாய்ப்புத் தந்த பிறகே தண்டனை என்று விதி அழுத்தமாகச் சொல்கிறது. விசாரணைக்கு முன்பே முடிவைச் சொல்லிவிட்டவர் அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்கக் கூடாது என்று இப்போதே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்; நகலைப் பதிவாளருக்கும் அனுப்புங்கள்.

அதன் பிறகும் நியாயம் கிடைக்காவிட்டால், யுஜிசியின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி குறைதீர்க் குழுவுக்குப் புகார் கொடுங்கள்; 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்புட்ஸ்பெர்சனிடம் (மாணவர் மேல்முறையீடுகளை விசாரிக்கும் குறைகேள் அலுவலர்) மேல்முறையீடு செய்யலாம்.

எழுத்துமூல ரத்து உத்தரவு வந்துவிட்டால், அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் மேலூர் சாலையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடலாம். கல்வியாளர்களின் மதிப்பீட்டில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. 43 சதவீதம் சரியா தவறா என்று கேட்டு அங்கே போகாதீர்கள். நோட்டீஸ் இல்லை, முழு அறிக்கை தரவில்லை, விளக்கம் கேட்கவில்லை, விதியில் இல்லாத தண்டனை என்ற நான்கையும் முன்வையுங்கள். மாற்று வழி இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு சொன்னால், இயற்கை நீதி (ஒருவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது) மீறப்பட்ட இடத்தில் அது தடையில்லை என்று வேர்ல்பூல் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டலாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். நீங்கள் பெண் என்றால், வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெற 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் உரிமை இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திலோ, உயர் நீதிமன்றக் கிளையின் சட்டப் பணிகள் குழுவிலோ மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது பதிவு உத்தரவு, முத்திரையிட்ட விண்ணப்ப நகல்கள், கிடைத்த அறிக்கைப் பக்கங்கள், சோதனைக்குக் கொடுத்த அதே கோப்பு, களத்தில் பாடல்களைப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒலிக்கோப்புகளில் இருக்கும் தேதியை அழித்துவிடாமல், வேறொரு பிரதியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.