கடற்பாசிப் பெருக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உரச்சத்து கடலில் கலந்தால் உல்வா என்னும் பச்சைக் கடற்பாசி மட்டும் ஏன் முந்திக்கொண்டு வளர்கிறது? (தூத்துக்குடி)

பதில்: அதன் இலைபோன்ற தட்டு இரண்டே செல் தடிமன் உடையது, உறிஞ்ச வேர் வேண்டியதில்லை, உடல் முழுவதாலும் தழைச்சத்தை (நைட்ரஜனை) உறிஞ்சுகிறது. தடித்த பழுப்புப் பாசிகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது. நைட்ரேட்டும் அம்மோனியமும் சேர்ந்து கிடைத்தால் பெரும்பாலும் அம்மோனியத்தையே முதலில் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: 2019-இல் மன்னார் வளைகுடா பச்சையாக மாறக் காரணமான கடற்பாசி எது? (மதுரை)

பதில்: எதுவுமில்லை. அது நாக்டிலூகா என்னும் ஒருசெல் மிதவை உயிரி. மண்டபம் பகுதியில் பூங்கோரை என்பார்கள். பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் கடற்பாசி என்று எழுதும் பழக்கத்தை வாசகர்கள் கைவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் உப்பங்கழியில் உல்வா கம்பளம்போல மண்டிக் கிடக்கிறது. நீரைச் சோதித்தோம், நைட்ரேட் மிகக் குறைவு. எனவே கழிவுநீரும் உரமும் காரணமல்ல என்று கொள்ளலாமா? (கடலூர்)

பதில்: கொள்ளக் கூடாது. உண்டு முடித்த இலையைக் காட்டிச் சோறே பரிமாறவில்லை என்பதற்கு ஒப்பானது இந்த வாதம். ஒரு கூட்டத்தில் இதே வாதம் அறிக்கையாகவே வாசிக்கப்பட்டதைக் கேட்டு நான் எழுந்து மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். பெருக்கம் உச்சத்தில் இருக்கும்போது நீரில் சத்து குறைவாகத்தான் இருக்கும், ஏனெனில் அது பாசியின் திசுவுக்குள் போய்விட்டது. மழை வெள்ளம் கொண்டுவரும் தழைச்சத்தை உல்வா உடனடித் தேவைக்கு மேலாகவும் உறிஞ்சிச் சேமித்து, வரத்து நின்ற பின்னும் பல நாள்கள் அந்தக் கையிருப்பைக் கொண்டே வளர்கிறது. ஆகவே நீரோடு பாசியையும் சோதியுங்கள். உலர் எடையில் தழைச்சத்து ஏறக்குறைய 2 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வளர்ச்சி தளரும். 4-ஐ நெருங்கினால் அது நன்றாக உண்டிருக்கிறது என்று பொருள். ஆய்வகம் இல்லாதவர்கள் ஒரு தட்டைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பசித்த உல்வா வெளிறி மஞ்சளோடும், உண்ட உல்வா கரும்பச்சையாகவும் இருக்கும். மீண்டும் சொல்கிறேன், நீர் மாதிரியை மட்டும் நம்பாதீர்கள். எடுப்பதானால் மழைக்கு முன்னும் பின்னும் கழிமுகத்தில் எடுங்கள்.

கேள்வி: 2008-இல் சீனாவின் சிங்தாவ் நகரை மூழ்கடித்த பாசி அங்கேயே முளைத்ததா? (சென்னை)

பதில்: இல்லை. தெற்கே ஜியாங்சு மாநிலக் கரையில் நோரி என்னும் உணவுப் பாசி வளர்க்கும் கயிறுகளிலும் கம்புகளிலும் ஒட்டியிருந்த உல்வா கழன்று, சத்து மிகுந்த நீரில் பெருகியபடியே வடக்கே மிதந்து வந்தது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்காக 10 லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள்.

கேள்வி: கடற்பாசி வளர்த்தால் கடலில் உள்ள மிகைச் சத்து குறையுமா? (இராமநாதபுரம்)

பதில்: அறுவடை செய்து கரையேற்றினால் மட்டும்.

கேள்வி: கரை ஒதுங்கிய பாசியை அப்படியே விட்டால் என்ன? (நாகப்பட்டினம்)

பதில்: அது அழுகும்போது உறிஞ்சிய தழைச்சத்தின் பெரும்பகுதி நீருக்கே திரும்பி, அடுத்த பெருக்கத்துக்கு உரமாகும். மேலே வெளுத்துக் காய்ந்த குவியலின் அடியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு தேங்கி நிற்கும்; பிரான்சின் பிரிட்டானி பகுதிக் கடற்கரையில் 2009-இல் அத்தகைய அழுகலில் சிக்கிய குதிரை இறந்தது, அதை ஓட்டியவர் மயங்கி விழுந்தார். ஈரமாக இருக்கும்போதே, ஓரிரு நாளுக்குள், மணலை அதிகம் வாராமல் அகற்றுங்கள். பழைய குவியலின் மேல் குழந்தைகளை நடக்க விடாதீர்கள்.